ஸ்பேஸ் பாரில் கட்டிய இலக்கியம்

ஜொகூர் பாருவில் ஒரு நூல் வெளியீடு. முடிந்ததும் ஸ்கூடாயில் ஒரு மாமாக் கடையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தோம். நூலாசிரியரும் இருந்தார். நாற்பது வருஷமாக எழுதுபவர். அவருடைய கோப்பை அச்சுக்குத் தயார் செய்தவன் என்ற உரிமையில் சொன்னேன்: "ஐயா, அடுத்த புத்தகத்துக்கு முன்னாடி ஒரு நாலஞ்சு குறுக்குவிசை மட்டும் கத்துக்கங்க. நானே வீட்டுக்கு வந்து சொல்லித் தரேன்."

அவர் தே தாரிக்கை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நான் எழுத்தாளன். கிராணி இல்ல. அதெல்லாம் டைப்பிங் புள்ளைங்க பாத்துக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் எரிச்சல் வந்தது. அவர் மீது மட்டும் இல்லை. அந்த வாக்கியத்தை நான் வேறு வேறு வாய்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கவிஞர் சொல்கிறார், நாவலாசிரியர் சொல்கிறார், இருபத்தைந்து வயது இளைஞரும் சொல்கிறார். கணினி தெரியாது என்பதை நம் ஆட்கள் குறையாகச் சொல்வதில்லை. ஒரு தகுதி மாதிரி சொல்கிறார்கள். கண்ட்ரோல் + எச் தெரியாதவருக்கு ஆன்மா கொஞ்சம் கூடுதலாக இருக்கும் போல.

கிராணி என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தோட்டத்தில் நம் தாத்தா பாட்டிகள் வெட்டிய மரத்துக்கும் எடுத்த பாலுக்கும் கணக்கு யார் கையில் இருந்தது? கிராணி கையில். செக்ரோலைப் படிக்கத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். பேர் போட்டிருக்கிறதா, விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கும் வழிகூட அவர்களுக்கு இல்லை. அவர்களுடைய பேரன்கள் நாம் இன்று, "என் கோப்புக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, வேற ஆளு பாத்துக்கும்" என்று பெருமையாகச் சொல்கிறோம். இதுவும் கைநாட்டுதான். அவர்களுக்குப் படிக்க வழி இல்லை. நமக்கு மனம் இல்லை.

அந்தக் கோப்பைப் பற்றிச் சொல்கிறேன். பதினொரு கதை. ஏ4 தாளில் நூற்றைம்பது பக்கம். திரையில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. தலைப்புகள் நடுவில் நிற்கின்றன. பத்திகள் உள்தள்ளித் தொடங்குகின்றன. ஒவ்வொரு கதையும் புதுப் பக்கத்தில். கண்ட்ரோல் + ஷிஃப்ட் + 8 அழுத்தினேன். வேர்டில் மறைந்து கிடக்கும் குறிகளை வெளியே காட்டும் விசை அது. ஸ்பேஸ் தட்டிய இடத்திலெல்லாம் ஒரு புள்ளி. எண்டர் தட்டிய இடத்திலெல்லாம் ஒரு பத்திக்குறி. பக்கம் முழுக்க அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

தலைப்பை நடுவில் கொண்டுவர முப்பதுக்கு மேல் ஸ்பேஸ். கண்ட்ரோல் + இ ஒருமுறை அழுத்தினால் அது தானாக நடுவில் நிற்கும். அடுத்த கதையைப் புதுப் பக்கத்துக்குத் தள்ள இருபது எண்டர். கண்ட்ரோல் + எண்டர் ஒருமுறை போதும். இதைவிடக் கொடுமை, வரிக்கு வரி எண்டர். பழைய தட்டச்சு இயந்திரத்தில் வரி முடிந்ததும் உருளையைத் தள்ளுவார்களே, அந்தப் பழக்கம். கணினியில் வரி தானாக மடங்கும் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. புத்தக அளவுக்காகத் தாளை ஏ5 ஆக்கினேன். தலைப்புகள் ஓரத்துக்குப் போயின. பாதிப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. வரிகள் நடுவிலேயே முறிந்து, பதினொரு சிறுகதையும் புதுக்கவிதை ஆகிவிட்டன.

சரிசெய்ய மூன்று இரவு ஆனது. அந்த மூன்று இரவில் நான் அந்தக் கதைகளைப் படித்திருக்கலாம். ஒரு கதையின் முடிவு இரண்டு பத்திக்கு முன்பே வந்துவிட்டது என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். இன்னொன்றில் மகன் எதற்காகத் திரும்பி வருகிறான் என்று கேட்டிருக்கலாம். எதையும் செய்யவில்லை. புள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். நம் ஊரில் எடிட்டிங் இல்லை, எடிட்டர்கள் இல்லை என்று எல்லா மேடையிலும் புலம்புகிறார்கள். இருக்கிற நாலு பேரும் இந்த வேலையில்தான் இருக்கிறோம், ஐயா.

அடுத்து, "டைப்பிங் புள்ளைங்க". அவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். பிள்ளை இல்லை. நாற்பது தாண்டிய அக்கா. வீட்டு முன்அறையில் ஒரு பழைய கணினி, பக்கத்தில் துவைத்த துணி, கீழே வீட்டுப்பாடம் எழுதும் மகன். பக்கத்துக்கு இத்தனை வெள்ளி என்று வாங்குகிறார். அதையும் பேரம் பேசித்தான் கொடுக்கிறார்கள். கையெழுத்து புரியாத இடத்தில் அவரே ஒரு சொல்லை ஊகித்துப் போடுகிறார். பல நேரம் எழுத்தாளர் போட்டதைவிட நல்ல சொல். ஒற்றுப் பிழையைச் சத்தமில்லாமல் திருத்துகிறார். புத்தகம் வந்ததும் முன்னுரையில் சட்டமன்ற உறுப்பினருக்கு நன்றி, தலைமையாசிரியருக்கு நன்றி, மாலை வாங்கிக் கொடுத்தவருக்கு நன்றி. அந்த அக்காவின் பெயரை இதுவரை ஒரு புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. கையால்தான் எழுதுவேன் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தாராளமாக எழுதுங்கள். ஆனால், உங்கள் பேனாவுக்குப் பின்னால் வேலை செய்யும் ஆளுக்கு ஒழுங்கான கூலி கொடுங்கள், பெயரையும் அச்சில் போடுங்கள். இரண்டும் செய்யாமல் "நான் கிராணி இல்ல" என்றால், அதற்குப் பெயர் எழுத்தாளர் கர்வம் இல்லை. பழைய துரைத்தனம்.

குறுக்குவிசை என்பது ஆபீஸ் குமாஸ்தாக்களுக்காக வந்தது என்று நினைக்கிறோம். அதன் கதையே வேறு. 1970களின் நடுவில், அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் லேரி டெஸ்லர், டிம் மாட் என்ற இருவர் ஜிப்சி என்ற சொற்செயலியை உருவாக்கினார்கள். யாருக்காக? ஜின் என்ற பாடநூல் பதிப்பகத்தின் எடிட்டர்களுக்காக. அந்த எடிட்டர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதைப் பார்த்து, அதற்கேற்ப அந்தச் செயலியை அமைத்தார்கள். எடிட்டர்களின் மேசையில் கத்தரிக்கோலும் பசையும் இருந்தன. ஒரு பத்தியை வெட்டி இன்னொரு பக்கத்தில் ஒட்டுவதுதான் திருத்துதல். அந்தக் கத்தரியும் பசையும்தான் திரைக்குள் வந்தன. டெஸ்லர் பிறகு ஆப்பிளுக்குப் போனார். 1983இல் வந்த லிசா கணினியில் இசட், எக்ஸ், சி, வி என்ற நாலு பக்கத்துப் பக்கத்து விசைகள் அந்த வேலைகளுக்கு நிலைபெற்றன. எக்ஸ் அடித்துப்போட்ட குறி மாதிரி இருக்கிறது. வி, மெய்ப்புத் திருத்துபவர் 'இங்கே சேர்' என்று போடும் கூரைக்குறியைத் தலைகீழாக வைத்த மாதிரி. டெஸ்லர் 2020இல் இறந்தார். அவர் வேலையின் தொடக்கத்தில் இருந்தது பிரதியைத் திருத்துகிற ஒருவரின் கை. எழுத்தாளருக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம் என்று இதை எப்படிச் சொல்வது?

அமெரிக்காவை விடுங்கள், நம் பக்கத்துக்கே வருவோம். தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை உருவாக்கிய ஆர். முத்தையா யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து, பிழைப்புக்காக மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தவர். 247 எழுத்தை ஒரு சின்ன இயந்திரத்தின் விசைகளுக்குள் எப்படி அடக்குவது என்று இந்த மண்ணில் உட்கார்ந்துதான் மண்டையை உடைத்துக்கொண்டார். கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கினார். முரசு அஞ்சலும் செல்லினமும் அந்த வழியில் வந்தவை. உலகத் தமிழர் பாதிப் பேர் ஒரு மலேசியர் செய்த கருவியில் தட்டியிருக்கிறார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி. கணியன் தமிழ் மென்பொருளை உருவாக்கியவர். 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பின்னால் நின்றவர். 1999இல் காலமானார். அவர் யார் தெரியுமா? சிறுகதை எழுத்தாளர். கதை எழுதிய கையால்தான் தமிழைக் கணினிக்குள்ளும் கொண்டுபோனார். "நான் கிராணி இல்ல" என்று அவர் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜொகூரிலிருந்து ஒரு பாலம் தாண்டினால் வருகிற ஊரில் இப்படி ஒருவர் இருந்திருக்கிறார். நாம் இன்னும் ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

"விசை தெரிஞ்சா கதை நல்லா வந்துருமா?" என்று கேட்பார்கள். வராது. ஆனால் திருத்துவதற்குத் துணிச்சல் வரும். ஒரு பத்தியை மேலே கொண்டுபோனால் நன்றாக இருக்குமோ என்று தோன்றுகிறது. மவுசைப் பிடித்து, இழுத்து, நிறம் ஏற்றி, வெட்டி, மேலே போய், ஒட்டி, பிறகு நன்றாக இல்லை என்று திரும்பவும் இழுத்து... இரண்டாவது முறை "இருக்கட்டும், விடு" என்று விட்டுவிடுவோம். வேர்டில் கர்சரைப் பத்தியில் வைத்து ஆல்ட் + ஷிஃப்ட் அழுத்திக்கொண்டு மேல் அம்புக்குறியைத் தட்டினால் முழுப் பத்தியும் ஒரு படி ஏறும். கீழ் அம்புக்குறியைத் தட்டினால் இறங்கும். ஐந்து இடத்தில் வைத்துப் பார்க்கலாம். நான் ஒரு கதையின் கடைசிப் பத்தியை இப்படி விளையாட்டாக ஏற்றிக்கொண்டே போய், அதுதான் முதல் பத்தி என்று கண்டுபிடித்தேன். கண்ட்ரோல் + ஷிஃப்ட் + இ அழுத்தினால் நீங்கள் அடித்தது, சேர்த்தது எல்லாம் தடம் விட்டு நிற்கும். பழைய வரி போய்விடுமே என்ற பயம் இல்லாமல் வெட்டலாம். நம் கதைகள் பலவும் முதல் வரைவிலேயே நின்றுபோவதற்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. திருத்துவது உடம்புக்கு வலிக்கிற வேலையாக இருக்கிறது.

விசையைக் குருட்டுத்தனமாக நம்பவும் கூடாது. என் கதையே ஒன்று. நாயகன் பெயர் மணி. பிடிக்கவில்லை, ரவி என்று மாற்ற நினைத்தேன். கண்ட்ரோல் + எச், எல்லாவற்றையும் மாற்று. அனுப்பியும்விட்டேன். நண்பர் கூப்பிட்டுக் கேட்டார்: "டேய், 'காலை எட்டு ரவிக்கு பஸ் வந்தது'ன்னா என்னடா?" முருகன் என்று தேடினால் முருகனையும் முருகனுக்கும் கிடைக்காது. புள்ளி போய் வேற்றுமை உருபு ஏறிவிட்டது இல்லையா? மரத்தைத் தேட மரம் என்று போட்டால் ஆகாது. இந்த மொழியில் 'தேடு' என்ற விசையை அழுத்தக்கூட இலக்கணம் தெரிய வேண்டும். இதைக் கிராணி வேலை என்று எப்படிச் சொல்வீர்கள்?

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத பிழை. ஔவை என்பதை ஒ போட்டு, ள போட்டு 'ஒளவை' என்று தட்டுகிறார்கள். பல எழுத்துருக்களில் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். காலுக்குப் பதில் ர போட்டு ஒப்பேற்றுகிறார்கள். கொ என்பதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். மனிதக் கண் ஏமாறும், கணினி ஏமாறாது. நாளைக்கு ஒரு மாணவர் உங்கள் நாவலில் ஔவையைத் தேடினால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். ஒழுங்காக ஒரு விசைப்பலகையைக் கற்றுக்கொண்டவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. 1999இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99இல் உயிர் இடது கையில், மெய் வலது கையில். க என்று இரண்டு முறை தட்டினால் முதல் க தானே புள்ளி வைத்துக்கொண்டு 'க்க' ஆகும். ங தட்டி க தட்டினால் 'ங்க'. தமிழ் எப்படி நடக்கும் என்று தெரிந்த விசைப்பலகை. ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழ் வரவைக்கும் முறையில்தான் நானும் பத்து வருஷம் இருந்தேன். ஆகவே அதைக் கேலி செய்யமாட்டேன். மாறிய பிறகு கை மூளைக்குச் சமமாக ஓடுகிறது என்று மட்டும் சொல்வேன்.

பெரியவர்களைத் திட்டுவதைப் படித்து இளையவர்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். உங்களிடமும் எனக்குக் கணக்கு இருக்கிறது. போன மாதம் ஒரு தம்பி கதை அனுப்பினார். புலனத்தில். பதினாலு குறுஞ்செய்தியாக. நடுவில் ஒன்று விடுபட்டு, அப்புறம் "சாரிண்ணே, இது 9க்கு அப்புறம்" என்று வந்தது. பஸ்ஸில், பாலத்து நெரிசலில் கைப்பேசியில் எழுதுகிறேன் என்றார். விடியற்காலையில் எழுந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இருட்டில் திரும்புகிறவர். அந்த நேரத்தில் எழுதுகிறாரே என்று மரியாதைதான் வந்தது. கைப்பேசியில் எழுதலாம். ஆனால் உள்ளங்கை அகலத் திரையில் முப்பது பக்கத்தைத் திருத்த முடியாது. முதல் பக்கத்தில் போட்ட விதை கடைசிப் பக்கத்தில் முளைத்ததா என்று பார்க்க முடியாது. வாரத்தில் ஒருநாள் கணினி முன் உட்காரத்தான் வேண்டும்.

இன்னும் சிலர், "இப்ப பேசினாலே டைப் ஆகுதேண்ணே" என்கிறார்கள். ஆகிறது. நம் பேச்சில் ழவும் ளவும் ஒன்றாகிப் பல காலம் ஆயிற்று. நாம் 'பளம்' என்று சொல்வதை இயந்திரம் ஊகித்து ஒன்றைப் போடும். ஊகம் தப்பினால் யார் பிடிப்பது? திரும்பவும் அந்த அக்காவா?

கடைசியாக, சொல்லத் தயங்கிய ஒன்று. சில வருஷம் முன்பு, இறந்துபோன ஓர் எழுத்தாளரின் மகள் என்னைத் தேடி வந்தார். கையில் இரண்டு டிஸ்கட். 1990களில் அப்பா ஒருவரிடம் கொடுத்துத் தட்டச்சு செய்த கதைகள். கையெழுத்துப் பிரதி வெள்ளத்தில் போய்விட்டது. "இதுல எல்லாம் இருக்குன்னு அப்பா சொல்வாரு." டிஸ்கட்டைப் படிக்கும் கருவியைத் தேடிப் பிடித்தேன். ஒன்று திறக்கவே இல்லை. இன்னொன்று திறந்தது. உள்ளே தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பை. யூனிகோடில் 1991இலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டாலும், சாதாரணக் கணினிகளில் அது புழங்க 2000க்கு மேல் ஆயிற்று. தமிழ்நாட்டு அரசே 2010இல்தான் அரசாணை போட்டது. அதுவரை ஒவ்வொரு எழுத்துருவும் ஒரு தனி ராஜ்யம். எந்த எழுத்துருவில் தட்டினார்கள் என்று தெரிந்தால் மாற்றிவிடலாம். தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது, அவர் கேட்டிருக்கவே மாட்டார். தட்டியவர் யார் என்று மகளுக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் பெயர் போட்டிருந்தால் தேடியாவது போயிருக்கலாம்.

கிடைத்த மாற்றிகளையெல்லாம் போட்டு ஆறு கதை மீட்டோம். ஏழாவது கதையில் பாதி. அந்தப் பாதியில் ஒரு பெண் லயத்து வாசலில் நின்று யாரையோ கூப்பிடுகிறாள். யாரை என்று இனி யாருக்கும் தெரியாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. எழுத்தாளர் சங்கங்கள் நடத்தும் பட்டறைகளில் அரை நாளை இதற்குக் கொடுங்கள். படிமம், குறியீடு எல்லாம் மத்தியானத்துக்கு மேல் பேசலாம். பத்து விசை போதும். யூனிகோடில் தட்டுங்கள். கோப்புக்குத் தேதி போட்டுப் பெயர் வையுங்கள். 'இறுதி', 'இறுதி இறுதி', 'இதுதான் இறுதி' என்று வைக்காதீர்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி வேறொருவரிடம். வேறு ஆள் தட்டிக் கொடுத்தால் அவர் பெயரை நூலில் போடுங்கள். என் பங்குக்கு நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். இனிமேல் ஸ்பேஸ் பாரில் கட்டிய கோப்பு வந்தால் சத்தமில்லாமல் சரிசெய்து கொடுக்கமாட்டேன். திருப்பி அனுப்புவேன். கூடவே சொல்லிக்கொடுக்கவும் வருவேன். ஜொகூருக்குள் எங்கே என்றாலும், குளுவாங், சிகாமாட், மூவார், பெட்ரோல் காசுகூட வேண்டாம். மாமாக் கடையில் அவரிடம் சொன்னது இன்னும் அப்படியே இருக்கிறது: வீட்டுக்கே வருவேன், ஐயா.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் கடைசிக் கதையின் கோப்பைத் திறந்து, கண்ட்ரோல் + ஷிஃப்ட் + 8 அழுத்திப் பாருங்கள். தலைப்புக்கு முன்னால் எத்தனை புள்ளி இருக்கிறது என்று எண்ணுங்கள்.